34,000 ரூபாய் போச்சு: மலை ஜீப் பயணம் என்று யாராவது சொன்னால் கவனம்

நேற்று காலைதான் சென்ட்ரலில் வந்து இறங்கினோம். கோபம் இன்னும் அடங்கவில்லை.

அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியதும் வியாசர்பாடிக்கு வந்துவிட்டோம். நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கம் 1880 வாக்கில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தோண்டிய மலைப்பாதையில் இரண்டு நாள் ஜீப் பயணம், ராத்திரி கூடாரம் என்று ஒரு பயண ஆப்பில் பார்த்ததும் அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. நண்பர்கள் இருவரோடு சேர்த்து நான்கு பேருக்கு 34,000.

போனில் பேசியவன், "அண்ணே, எங்கம்மா ராயபுரம், கல்மண்டபம்தான். நம்ம ஏரியா ஆளை ஏமாத்துவேனா?" என்றான். அங்கேதான் விழுந்தேன். வனத்துறை அனுமதி என்று வட்ட முத்திரை குத்திய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முன்பணம் போக மீதியை ஆப்புக்கு வெளியே, ஜிபேயில் போடச் சொன்னான். போட்டேன். அதில் நீலகிரிக்குள் வண்டி நுழைய வாங்கும் இ-பாஸுக்கு என்று 1,000 வேறு. அரசு அதை இலவசமாகத் தருகிறது!

கூடலூரில் வந்து நின்றது வெள்ளை போர்டு வண்டி, வாடகைக்கு ஓட்டக்கூடாத சொந்த வண்டி. ஃபோர்வீல் டிரைவும் இல்லை, பின் டயர் இரண்டும் மொட்டை. தேயிலைத் தோட்டம் வழியாக மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை, வனக்காவலர் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். "இது எங்க ஆபீஸ் பேப்பரே இல்ல சார். உள்ளே மூடாத சுரங்கக் குழி இருக்கு, யானை வரும். பெரியவரை வெச்சுக்கிட்டு எங்க போறீங்க?" அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆசையாக எடுத்துவந்த பழைய சுரங்கத் தொப்பியை மடியில் வைத்தபடி காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவன் போனே எடுக்கவில்லை. மறுநாள், "மழைண்ணே, எங்க கையில இல்ல" என்றான். ஒரு சொட்டு மழை இல்லை! ஆப்பில் கேட்டால், "வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, புகாரைப் பதிவு செய்திருக்கிறோம்" என்கிறார்கள். நான்கு தடவை பேசினேன், நான்கு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். 34,000 என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். வாடகை வண்டி மஞ்சள் போர்டா என்று பாருங்கள். அனுமதித் தாள் காட்டினால் வனத்துறை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். அவன் திருப்பித் தருவான் என்று நம்பி, நான் இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன்.