பழைய மடிக்கணினித் திரையை மானிட்டராக்கும் கன்ட்ரோலர் போர்டு: ஒரு மதிப்பீடு

மதர்போர்டு பழுதாகிக் கிடக்கும் மடிக்கணினியில் பெரும்பாலும் கெடாமல் எஞ்சுவது அதன் திரைதான். அதைத் தனி மானிட்டராக மாற்றுவதற்கென்று விற்கப்படும், கணினியிலிருந்து வரும் படத்தைத் திரைக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் கன்ட்ரோலர் போர்டுகளில், ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிடி2556 சிப்பைக் கொண்ட ஒன்றை வாங்கி, 15.6 அங்குலத் திரையுடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். போர்டு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் அதற்குக் கொடுத்த பணம் பயன் தருமா என்பது, போர்டைவிட நம்மிடம் உள்ள திரை எத்தகையது என்பதையே பொறுத்திருக்கிறது.

மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை இருக்கும்போது தனியாகப் போர்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே. வேறொரு கணினியின் படத்தை உள்வாங்காது. மடிக்கணினி இன்னும் இயங்குமானால் அதைப் பிரிக்கவே வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ள வயர்லெஸ் டிஸ்ப்ளே வசதியைக் கொண்டு, சிறிது தாமதம் தெரிந்தாலும், இன்னொரு கணினியின் திரையை வைஃபை வழியாக அதில் காட்டிவிடலாம்.

திரையைக் கழற்றி, அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படிக்காமல் போர்டு வாங்குவது வீண்செலவு. என்னிடம் இருப்பது எல்ஜி டிஸ்ப்ளே தயாரித்த எல்பி156டபிள்யூஎஃப்6 வகை. இதில் 156 என்பது 15.6 அங்குலத்தையும், டபிள்யூஎஃப் என்பது 1920 x 1080 பிக்சல்களையும் குறிக்கும். அதே இடத்தில் டபிள்யூஎச் என்று இருந்தால் 1366 x 768 மட்டுமே. அடுத்துப் பார்க்க வேண்டியது, படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கேபிளைச் செருகும் இணைப்பான். பழைய எல்இடி திரைகளில் 40 பின் (உலோக முனை) கொண்ட எல்விடிஎஸ் என்ற பழைய வகை இணைப்பும், பின்னர் வந்தவற்றில் பெரும்பாலும் 30 பின் கொண்ட இடிபி என்ற புதிய வகை இணைப்பும் இருக்கும். நான் வாங்கிய போர்டு இடிபி திரைகளுக்கு மட்டுமே உரியது. எல்விடிஎஸ் திரை வைத்திருப்பவர்கள் என்டி68676 சிப் கொண்ட போர்டுகளைத் தேட வேண்டும். திரையின் பிக்சல் அளவுக்கேற்ற மென்பொருளைப் போர்டில் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள் என்பதால், மாடல் எண்ணை முழுமையாக விற்பவரிடம் சொல்லிவிடுவது அவசியம். எல்இடிக்கு முந்தைய, குழல் விளக்கு கொண்ட திரைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்கு உயர் மின்னழுத்த இன்வெர்ட்டர் தனியே தேவைப்படும், தொட்டால் ஆபத்தும் உண்டு.

பெட்டியில் போர்டு, ஐந்து பொத்தான்கள் கொண்ட சிறு பலகை, இடிபி கேபிள் ஆகியவை இருந்தன. எச்டிஎம்ஐ, பழைய வகை இணைப்பான விஜிஏ ஆகிய இரண்டு உள்ளீடுகளும், ஹெட்போன் செருகும் துளையும் போர்டிலேயே உள்ளன. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தொகுப்பில் மிகவும் கவனிக்க வேண்டியது கேபிள்தான். 1366 x 768 திரைக்கு ஒரே தரவுத்தடம் போதும். 1920 x 1080 திரைக்கு இரண்டு தடங்கள் வேண்டும். முதல் வகைக் கேபிளை இரண்டாம் வகைத் திரையில் செருகினால் போர்டு நன்றாக இருந்தும் படம் வராது. திரையின் இணைப்பானில் 3.3 வோல்ட் மின்சாரமும் திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பின்விளக்குக்கான 12 வோல்ட் மின்சாரமும் ஒரே வரிசையில் வருவதால், கேபிள் சாய்வாகச் செருகப்பட்டாலே திரையில் உள்ள நுண்ணிய ஃபியூஸ் எரிந்துவிடக்கூடும். ஆகவே அடாப்டரைக் கழற்றிவிட்டு, கேபிளைத் திரைக்கு இணையாகப் படுக்கைவாட்டில் தள்ளிச் செருகி, மேலே டேப் ஒட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். திரைக்கான மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சிறு செருகி போர்டில் இருந்தால், அது 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

படத்தின் தரத்தில் எனக்குக் குறையில்லை. ஐபிஎஸ் திரை என்பதால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறுவதில்லை. அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 பிக்சல்கள் இருப்பதால், 22 அங்குல மானிட்டரைவிடத் தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் கூர்மையாகத் தெரிகின்றன; எழுத்து சிறிதாகத் தோன்றுவதை விண்டோஸில் 125 சதவீதமாகப் பெருக்கிச் சரிசெய்யலாம். புகைப்படத் திருத்தத்துக்கு இதை நம்ப வேண்டாம். இவ்வகைத் திரைகள் பலவும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 பிட் என்ற அளவில், அதாவது 2,62,144 நிறங்களையே காட்டுகின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறும் டிஎன் வகையைச் சேர்ந்த 1366 x 768 திரையாக இருந்தால் எழுத்து வேலைக்கு அதை மானிட்டராக மாற்றுவதே தேவையற்றது. அந்தச் செலவுடன் இன்னும் சிறிது சேர்த்தால் பழைய மானிட்டர் ஒன்று கிடைத்துவிடும். கண்காணிப்புக் கேமராவுக்கோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கோ அந்த டிஎன் திரை தாராளமாகப் போதும். அத்தகைய திரையை விஜிஏ வழியாக இணைப்பவர்கள் கவனிக்க: 1366 என்பது எட்டால் வகுபடாத எண் என்பதால், அகலத்தை எட்டின் மடங்காகவே கையாளும் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகள் பல 1360 என்றே அனுப்பும், எழுத்து சற்று மங்கும்.

சில எரிச்சல்கள் இல்லாமல் இல்லை. முதலில் மெனு சீன மொழியில் வருகிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும் இடத்தைத் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒளியை மிகவும் குறைத்தால் பின்விளக்கின் துடிப்பு கண்ணை உறுத்துகிறது; ஆகவே நான் பாதிக்குக் கீழே இறக்குவதில்லை. கணினி உறக்கத்திலிருந்து எழும்போது படம் வரச் சில நொடிகள் ஆகின்றன. தொடுதிரை மடிக்கணினியின் திரையில் படம் வந்தாலும் தொடுதல் வேலை செய்யாது. கண்ணாடியுடன் சேர்த்து ஒட்டப்பட்ட திரையைப் பிரிப்பதும் எளிதல்ல.

திரையைப் பொருத்தும் சட்டகத்துக்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டாம். மடிக்கணினியின் மேல்மூடியிலேயே திரையை விட்டுவைத்து, போர்டை ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மீது பொருத்தி மூடியின் பின்புறம் ஒட்டினால் போதும். உலோக மூடியாக இருந்தால், போர்டு அதில் பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க அந்தத் தகடு கட்டாயம். கேபிள் குட்டையானது என்பதால் போர்டை வேறெங்கும் வைக்கவும் முடியாது. சென்னையில் இருப்பவர்கள் இணையத்தில் வாங்குவதைவிட, திரையையும் அடாப்டரையும் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கையோடு எடுத்துச் சென்று, படம் வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது பாதுகாப்பானது. பொருந்தாத மென்பொருள் ஏற்றிய போர்டு என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.