ரெஸ்யூம் வடிகட்ட மூன்று வழி: கண்ணா, மென்பொருளா, மார்க் ஷீட்டா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு பார்க்க ஆள் தேவை என்று வைத்துக்கொள்வோம். டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி வரியும் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரம் போட்ட நாலே நாளில் 120 ரெஸ்யூம் வந்து நிற்கிறது. எப்படிக் கழிப்பது?

பெரும்பாலானோர் செய்வது, கண்ணால் புரட்டுவது. நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்தேன். முதல் பத்தை நிதானமாகப் படிப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறவர் பாவம், தலைப்பு மட்டும்தான் கண்ணில் படும். இதைவிடப் பெரிய வம்பு, நம் ஊர் ரெஸ்யூமில் இருக்கும் சொந்த விவரப் பகுதி: அப்பா பெயர், சொந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, போதாததற்கு போட்டோ வேறு. "அட, நம்ம பக்கத்து ஊர்" என்று தோன்றிய நொடியில் கை தானாக அதை எடுத்துத் தனியே வைத்துவிடும். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 ரெஸ்யூம்களை அனுப்பிச் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வெளியானது. தகுதி ஒன்றாக இருந்தும், கறுப்பினத்தவர் பெயர் போட்டவற்றைவிட வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. அங்கே பெயர் செய்த வேலையை இங்கே ஊரும் அப்பா பெயரும் செய்துவிடும்.

சரி, மென்பொருளிடம் விட்டால்? அதற்கு அலுப்பும் கிடையாது, பக்கத்து ஊரும் கிடையாது. ஆனால் நாம் கொடுத்த சொல்லைத்தான் தேடும். விளம்பர வாசகத்தை அப்படியே ரெஸ்யூமில் ஒட்டியவர் உள்ளே வந்துவிடுவார். பழைய ரெஸ்யூம்களைக் காட்டிப் பழக்கினாலும் சிக்கல்தான். அமேசான் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே அதிகம் என்பதால், பெண்கள் என்ற சொல் வந்தாலே அது மதிப்பைக் குறைத்தது, கடைசியில் கைவிட்டார்கள். 2018-ல் செய்தியானது. ஆயிரக்கணக்கில் வந்தால் யோசிக்கலாம், 120-க்கு வேண்டாம்.

என் ஓட்டு மார்க் ஷீட்டுக்கு. ரெஸ்யூமைத் திறக்கும் முன்பே என்ன வேண்டும் என்று நாலு கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் போடுவது. சொந்த விவரத்தை மறைத்துவிடுவது. ஒருவர் "ஜிஎஸ்டி நன்கு தெரியும்" என்று எழுதியிருப்பார். இன்னொருவர், "மாதம் 300 கொள்முதல் பில்லை ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டதற்கு சப்ளையரிடம் பேசுவேன்" என்று எழுதியிருப்பார். (ஜிஎஸ்டிஆர்-2பி என்பது, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்.) இந்த இரண்டாமவருக்கே குழந்தைக்காக மூன்று வருட இடைவெளியும் இருக்கும். கண்ணால் புரட்டினால் அந்த இடைவெளிதான் முதலில் உறுத்தும். ஷீட்டில் அவர் முதல் ஆளாக வருவார்.

குறை உண்டு. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் மொத்தம் பத்து மணி நேரம். கட்டமே தப்பானால் எல்லாம் தப்பு. அனுபவ வருடத்துக்கு மார்க்கை அள்ளிப் போடாதீர்கள்: 1998-ல் உளவியல் ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹன்டர் தொகுத்த ஆய்வில், பின்னால் வேலையில் காட்டும் திறனோடு அனுபவ வருடத்துக்கு இருந்த தொடர்பு 0.18 மட்டுமே (1 என்றால் முழுப் பொருத்தம்). வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு 0.54.

அதனால் மேலே வந்த எட்டு பேரைக் கூப்பிட்டு, டேலியில் பத்து பில் ஏற்றச் சொல்வேன். அதில் ஒன்று உள்ளூர் நூல் கடை பில்; கடையின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்கான 33-ல் தொடங்கும். வேண்டுமென்றே அதில், வெளிமாநில விற்பனைக்கு உரிய ஐஜிஎஸ்டி போட்டு வைத்திருப்பேன். "சார், இந்த பில் தப்பா இருக்கே" என்று கேட்பவரோடுதான் சம்பளப் பேச்சு.