பேராதனைப் பூங்காவா, வாவிக்கரைக் கண்டலா?

மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகளைக் கண்டிக்கருகே பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப்போவதென்றால், பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இரண்டு பேராவது வாந்தி எடுப்பார்கள். ஆனாலும் ஒருமுறை போகத்தான் வேண்டும். 1821இல் தொடங்கிய தோட்டம். மகாவலி வளைந்தோடும் கரையில் ஏறத்தாழ 147 ஏக்கர். சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காயை வேறெங்கே காட்டுவது? உலகிலேயே பெரிய விதை அதுதான். மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை வேறு.

நம் மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டலில், அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில், பலகையும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. சேற்றில் செருப்புப் புதையும். ஆனால் தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும் கண்டல் நாற்றைப் பிள்ளைகள் கையால் தடவிப் பார்க்கலாம். அருகிலேயே தில்லை மரம் நிற்கும். "அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும், தொட்டுவிடாதே மகன்" என்று தோணிக்காரர் அதட்டுவார். வேர்களுக்கிடையே ஒதுங்கி வளரும் இறால் குஞ்சுதான் பிறகு நம் கறிச்சட்டிக்கு வருகிறது.

ஒருநாள் சுற்றுலாவுக்குப் பேராதனைதான். இங்கேயே வாழ்கிறவர்களுக்கு என் வாக்கு கண்டலுக்கு: அடுத்த மாதமும் போய் அதே நாற்றைப் பார்க்கலாம், நண்டு தின்னாமல் விட்டிருந்தால்.