1/35 டாங்கி கிட்டை சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆட்டத்துக்கு மாற்றியவன் அனுபவம்

28 மி.மீ. உருவங்களை, அதாவது சின்னச் சிப்பாய் பொம்மைகளை, மேஜைமேல் வைத்துப் போர் ஆடுகிறவர்கள் முதலில் கேட்பது, 1/35 டாங்கியை (நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்கு) பக்கத்தில் வைத்தால் பூதாகரமாகத் தெரியாதா என்பதுதான். கிட்டை, அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியை, அப்படியே ஒட்டி வைத்தால் தெரியும். மாடல் கம்பெனி டாமியாவின் கேவி-2 டாங்கி, எம்113 என்ற அமெரிக்கக் கவச வண்டி இரண்டையும் மாற்றி, சில வருடமாக வார்ஹாமர் 40,000 என்ற எதிர்காலப் போர் விளையாட்டை ஆடி வருகிறேன். எதிரில் ஆடுகிறவர்கள் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் நான் வெட்டி எறிந்த பாகங்கள்தான் அதற்குக் காரணம்.

1.75 மீட்டர் ஆள் 1/35-ல் 50 மி.மீ. உயரம் வருவான். 28 மி.மீ. என்று பெயர் சொல்லி விற்கும் உருவங்கள் சுமார் 1/56. அங்கே அதே ஆள் 31 மி.மீ.தான். டாங்கியின் உடம்பு பெரிதாக இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது, எதிர்காலத்து வண்டியை யார் அளந்தார்கள்? மனிதக் கை படும் பாகங்கள்தான் காட்டிக்கொடுக்கும். அரை மீட்டர் அகலமுள்ள மேல்மூடி 1/35-ல் 14 மி.மீ. நம் 28 மி.மீ. சிப்பாய்க்கு அது 80 செ.மீ. மூடி ஆகிவிடும். மண்வெட்டி, இழுவை வடம், ஹெட்லைட், பெட்ரோல் கேன் எல்லாமே இப்படித்தான். அவற்றை ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒட்டுவதற்கென்று விட்டிருக்கும் துளைகளை புட்டியால் (இடைவெளி நிரப்பும் பசையால்) அடைத்துத் தேய்த்துவிட்டு, 28 மி.மீ. வண்டிகளில் மிச்சமான மூடி, விளக்கு, கைப்பிடிகளை அங்கே வையுங்கள். சின்ன மூடி ஏறியதும் அதே டரட் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பாகம்) கோட்டை மாதிரி நிற்கும்.

கேவி-2 இதற்கென்றே பிறந்த வண்டி. 152 மி.மீ. ஹோவிட்சரைத் தாங்கிய அந்தச் சோவியத் டாங்கியின் உயரம் 3.25 மீட்டர், 1/35-ல் 93 மி.மீ. நம் சிப்பாய் மூன்று பேரை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்திய உயரம். பெட்டி போன்ற டரட்டில் 1 மி.மீ. பிளாஸ்டிக் கார்டால் (வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் தகடு) கூடுதல் கவசம் போர்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைச் சீவிச் சீவி ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணித்தலை, போல ஒட்டினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த கறுப்புப் பெயின்ட்) இறங்கி ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் கறுப்பு வளையம் நிற்கும்போது கிட்டின் பழைய முகமே மறைந்துவிடுகிறது.

எம்113-ல் டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை) பக்கக் கவசத்தால் முழுக்க மூடிவிட்டேன். நீண்ட காலப் பயன்பாட்டில் இதைத்தான் மிக நல்ல முடிவு என்பேன். பழைய கிட்களில் வரும் மிருதுவான வினைல் டிராக்கில் பெயின்ட் நிற்காது, கைபட்டால் உரியும். சில வகை வினைல், வருடக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தையே அரித்துவிடும். துண்டு துண்டாக ஒட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் டிராக் உள்ள கிட் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தும் வாங்கலாம்.

ஒட்டு விஷயத்தில் என் கருத்து உறுதியானது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட்தான். அது இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஓர் இரவு விட்டுத் தேய்த்தால் இணைப்பே தெரியாது. என் வண்டிகளில் அப்படி ஒட்டியது எதுவும் இதுவரை கழன்றதில்லை. ரெசின், உலோகப் பாகங்களுக்கு சூப்பர் க்ளூ வேண்டும்; ஆனால் அது அடி தாங்காது, ஒரு தடவை கீழே விழுந்தால் டக்கென்று விட்டுப்போகும். அதனால் கனமான பாகம் எதுவானாலும் 1 மி.மீ. துளையிட்டு, உள்ளே பேப்பர் கிளிப் கம்பி செருகித்தான் ஒட்டுகிறேன். மாற்றி மாட்டும் துப்பாக்கிகளுக்கு 5 மி.மீ. நியோடிமியம் காந்தம் போதும். எல்லாத் துப்பாக்கியிலும் ஒரே முனையும், வண்டியில் அதற்கு எதிர்முனையும் வெளியே பார்க்கிறதா என்று ஒட்டுமுன் சரிபாருங்கள்.

பெயின்ட் தேயும் இடம் எப்போதும் ஒன்றுதான். வண்டியைத் தூக்கும்போது கட்டைவிரல் படும் டரட்டின் பின்மூலை. முதலில் பளபளக்கும், அப்புறம் அடிப்பூச்சான ப்ரைமர் எட்டிப்பார்க்கும். அந்த மூலையில் மட்டும் முதலில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் பளபளப்பில்லாத மேட் கொடுத்தால் வெகுநாள் தாங்குகிறது. மழை ஈரத்தில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், வெண்படலம் பூத்துவிடும். ஆன்டெனாவுக்கு கிட்டில் வரும் பிளாஸ்டிக் ஊசி வேண்டாம். கிட்டார் கம்பி வளைந்தாலும் நிமிரும்.

எங்கே ஆடப்போகிறீர்கள் என்பதை வாங்கும் முன் யோசியுங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் (வார்ஹாமரை வெளியிடும் நிறுவனம்) தானே நடத்தும் போட்டிகளில் அவர்களுடைய மாடல்கள்தான் செல்லும். நண்பர்களோடு ஆடவோ, எந்த உருவத்தையும் ஏற்கும் கிரிம்டார்க் ஃபியூச்சர் போன்ற விதிகளுக்கோ தடையில்லை. பார்வைக்கோடு, அதாவது யார் யாரைப் பார்த்துச் சுட முடியும் என்பது, உருவத்தின் உயரத்தைப் பொறுத்தது என்பதால், கேவி-2 போல ஓங்கி நிற்கும் வண்டியை ஆட்டத்துக்கு முன்பே எதிராளியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுகிறேன்.

முதல் கிட் எது என்று கேட்டால் எம்113 என்பேன். நான்கு பக்கமும் தட்டையான தகடு, நீளம் 139 மி.மீ.; பிளாஸ்டிக் கார்டு ஒட்ட அதைவிட வாகான வண்டி நான் பார்த்ததில்லை.