கேம் செய்யக் கருவியா, சொந்த எஞ்சினா: பயன்படுத்திப் பார்த்ததை வைத்து என் தீர்ப்பு

கேம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ரெடிமேட் கருவியில் தொடங்கலாமா, இல்லை எஞ்சினையே (படம் வரைவது, மோதலைக் கணக்கிடுவது, சத்தம் என்று கேமுக்கு அடியில் இருந்து வேலை பார்க்கும் மென்பொருள்) சொந்தமாக எழுதிவிடலாமா? கேட்கிறவர் கம்ப்யூட்டர் படித்தவராக இருந்தால் மனசுக்குள் ஏற்கெனவே இரண்டாவது பக்கம் சாய்ந்திருப்பார். கருவியை வைத்துச் செய்வது உண்மையான புரோகிராமிங் இல்லை என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் வேண்டும் என்றால் கோடோ என்ற ரெடிமேட் எஞ்சினை எடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் ரேலிப் மாதிரி ஒரு நூலகத்தை (நம் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்து ஒரு சின்ன கேமை முழுசாக எழுதுங்கள். முழு எஞ்சினையும் நீங்களே எழுதுவது, உங்கள் கேமின் உயிரான விஷயத்தை ஏற்கெனவே கிடைக்கிற எந்த எஞ்சினாலும் செய்ய முடியாது என்றால் மட்டும்.

நான் கருவிகளை எடை போடும் விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை, முதல் நாள் எல்லாமே சுலபம்தான், விளம்பர வீடியோவும் அந்த முதல் நாளைத்தான் காட்டுகிறது. பாதி கேம் முடிந்து, மெனு, சேவ் செய்வது, போனில் ஓட வைப்பது, தமிழ் எழுத்து உடையாமல் வருவது என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும்போது அந்தக் கருவி கை கொடுக்கிறதா என்பதுதான் என் கணக்கு.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச், இதில் யோசிக்கவே வேண்டாம். எம்ஐடி மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளிவந்தது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கட்டளைகளை வண்ணத் துண்டுகளாக இழுத்து ஒட்டினால் போதும். பன்னிரண்டு பதிமூன்று வயது தாண்டிய பிள்ளையை அதிலேயே உட்கார வைத்திருப்பது சரியில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஜிடெவலப். இதுவும் திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), இதையும் பிரவுசரிலேயே திறந்து வேலை செய்யலாம். ஒரு வரி நிரல் எழுத வேண்டாம், இது நடந்தால் இதைச் செய் என்று நிபந்தனையையும் செயலையும் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு பாத்திரத்துக்கு பிளாட்பார்மர் (மேடைக்கு மேடை தாவி ஓடும் கேம் வகை) நடத்தையைச் சேர்த்துவிட்டால் ஓடுவது, குதிப்பது, ஏணி ஏறுவது எல்லாம் உடனே வந்துவிடும், அந்த இடத்தில் அது அருமையான கருவி, பள்ளிக்கூடத்தில் ஒரு மதிய வகுப்பு எடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரு எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோந்து சுற்ற வேண்டும், உங்களைப் பார்த்தால் துரத்த வேண்டும், அடி வாங்கினால் பின்வாங்க வேண்டும், செத்தால் காசு உதிர்க்க வேண்டும். இதை எழுதி முடிக்கும்போது நிகழ்வுப் பட்டியல் திரையைத் தாண்டி நீண்டு, இரண்டாவது எதிரி வரும்போது அதே வரிகளைத் திரும்ப அடுக்க வேண்டியிருக்கிறது. அதைச் சுருக்க ஜிடெவலப்பிலும் வழி இருக்கிறது, பொது நிகழ்வுகளைத் தனியாகப் பிரித்து எடுத்து வைக்கலாம், ஆனால் அதைக் கற்றுக்கொள்ளும் உழைப்பில் நிரல் எழுதவே கற்றுவிடலாம் என்பது என் கருத்து. கன்ஸ்ட்ரக்ட் 3 இதே பாணிதான், இன்னும் மெருகு கூடியது, ஆனால் சந்தா கட்ட வேண்டும், இலவசப் பதிப்பில் கட்டுப்பாடுகள் உண்டு. நம்மூர் மாணவருக்கு மாதாமாதம் டாலர் கணக்கில் கட்டச் சொல்லி நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கருவியில் செய்தால் பெரிய கேம் வராது என்கிறவர்களுக்கு கேம்மேக்கரின் கதையைச் சொன்னாலே போதும். நெதர்லாந்தில் யூட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மார்க் ஓவர்மார்ஸ் 1999இல் வெளியிட்டது அது. 2012இல் வந்த ஹாட்லைன் மியாமி அதில் செய்தது, 2015இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட அண்டர்டேலும் அதில்தான். இரண்டையும் விளையாடிய யாரும் இது என்ன எஞ்சின் என்று கேட்டு முகம் சுளிக்கவில்லை. 2023 நவம்பரில் இருந்து வணிக நோக்கமில்லாமல் செய்கிறவர்களுக்கு கேம்மேக்கர் இலவசம், விற்கப் போகிறீர்கள் என்றால்தான் உரிமம் வாங்க வேண்டும். இருபரிமாண கேம் மட்டும்தான் செய்வேன் என்கிறவர் இதைத் தாராளமாக எடுக்கலாம்.

யூனிட்டி என்ற எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கேம் நிறுவனத்தில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் யூனிட்டியோ அன்ரியல் என்ற இன்னொரு எஞ்சினோ ஒன்று தெரிந்திருக்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம் ஒரு அறிவிப்பு விட்டது: ஒரு வரம்பைத் தாண்டி வருமானம் பார்க்கிற கேம்களில், ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் கட்ட வேண்டும், ஏற்கெனவே வெளிவந்த கேம்களுக்கும் சேர்த்து. உலகம் முழுக்க கேம் செய்கிறவர்கள் கொதித்தார்கள், அடுத்த மாதமே தலைமை அதிகாரி ஜான் ரிக்கிடெல்லோ பதவியை விட்டுப் போனார், 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். ரத்து செய்தது நல்லதுதான். ஆனாலும் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்யும் ஒரு கேமின் கணக்கை இன்னொருவர் நடுவில் மாற்றி எழுத முடியும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்துபோனது. ஸ்லே தி ஸ்பையர் கேமைச் செய்த மெகா கிரிட் தங்கள் இரண்டாவது பாகத்தை யூனிட்டியில் இருந்து கோடோவுக்கு மாற்றியதும் இந்தப் பின்னணியில்தான்.

சரி, கோடோ. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி, 2014இல், யாரும் எதற்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்ட எஞ்சின். காசு கிடையாது, பங்கு கிடையாது, கணக்கு திறக்கச் சொல்வது கிடையாது. இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், ஒரே கோப்பு, இறக்கி இரட்டை கிளிக் செய்தால் திறந்துவிடும். யூனிட்டியை இறக்கி முடிக்கவே பல ஜிபி டேட்டா போகிற நிலையில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய லேப்டாப் வைத்திருக்கிறவர்கள் புது புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரராக (திரையில் படம் வரையும் பகுதி) கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், அது ஓபன்ஜிஎல் என்ற பழைய வரைகலை முறையில் ஓடுவதால் வல்கன் என்ற புதிய முறையை ஆதரிக்காத கிராபிக்ஸிலும் வேலை செய்யும். பல பேர் இதைத் தெரியாமல் எஞ்சினே திறக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு கோடோவில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேரக்டர்பாடி2டி என்ற நோடைப் (கோடோவில் கேமைக் கட்டும் ஒவ்வொரு துண்டும் ஒரு நோட்) போட்டு அதற்கு ஸ்கிரிப்ட் சேர்த்தால், நகர்வுக்கான நிரலை அதுவே எழுதிக் கொடுக்கும். மேலே இரண்டு எண்கள் இருக்கும், வேகம் 300, குதிக்கும் வேகம் -400. திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதால்தான் குதிப்பது மைனஸில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி, தரையில் நிற்கிறானா என்று பார்த்து, நின்றால் மட்டும் குதிக்க விடுகிறது. ஓட்டிப் பாருங்கள், பாறையின் விளிம்பில் ஓடிக் கடைசி நொடியில் குதிக்கும்போது பட்டன் வேலை செய்யாத மாதிரி எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் உங்கள் விரல் அழுத்தும்போது பாத்திரம் ஏற்கெனவே தரையை விட்டு வந்துவிட்டது. அந்த வரியை மாற்றி, தரையை விட்ட பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க அனுமதி கொடுங்கள், அதே கேம் கைக்கு இதமாகிவிடும். கேம் வடிவமைப்பு என்பது இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது, கோடோ முதல் மணி நேரத்திலேயே உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது.

குறைகளும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது பதிப்பு விவகாரம். 2023 மார்ச்சில் 4.0 வந்தபோது பல பெயர்கள் மாறின. பழைய வீடியோவில் கைனமேட்டிக்பாடி2டி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், அது கேரக்டர்பாடி2டியின் பழைய பெயர், உங்கள் எஞ்சினில் அது இருக்காது, நீங்கள் தேடித் தேடி நொந்துபோவீர்கள். எந்த வீடியோவாக இருந்தாலும் எத்தனையாவது பதிப்பு என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். அப்புறம் பிளேஸ்டேஷன், நின்டெண்டோ மாதிரி கன்சோல்களுக்கு நேரடி ஏற்றுமதி கிடையாது, அதற்குத் தனி நிறுவனங்களை நாட வேண்டும். கோடோ 4இல் சி ஷார்ப்பில் எழுதினால் வெப் ஏற்றுமதியும் கிடைக்காது, அதனால் தொடக்கத்தில் கோடோவின் சொந்த நிரல் மொழியான ஜிடிஸ்கிரிப்டிலேயே இருங்கள்.

இப்போது சொந்தமாக எழுதுவதற்கு வருகிறேன். இதற்கு என் சிபாரிசு ரேலிப், ஸ்பெயினில் ரமோன் சாண்டமரியா 2013இல் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய சி நூலகம். இருபது வரிக்குள் ஜன்னல் திறந்து ஒரு வட்டம் நகரும், அந்தச் சந்தோஷம் தனி. பிறகு ஒவ்வொன்றாக வரும். ஃப்ரேமுக்கு, அதாவது திரையை ஒரு முறை வரைவதற்கு, 5 பிக்சல் நகரச் சொல்லியிருப்பீர்கள், நொடிக்கு 60 முறை வரையும் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 300 பிக்சல் போகும், நண்பரின் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதே கேம் 720 பிக்சல் வேகத்தில் பறக்கும். சரி என்று வேகத்தைப் போன ஃப்ரேமில் இருந்து கழிந்த நேரத்தால் பெருக்குவீர்கள். அப்போது விண்டோஸில் ஜன்னலின் தலைப்பைப் பிடித்து இழுத்தால் லூப் நின்றுவிடும், விட்டதும் இரண்டு நொடி ஒரே தாவலாகக் கணக்காகி, பாத்திரம் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும். தோட்டாவும் அப்படித்தான், நொடிக்கு 1200 பிக்சல் என்றால் ஃப்ரேமுக்கு 20 பிக்சல், சுவர் 10 பிக்சல் தடிமன், ஒரு ஃப்ரேமில் இந்தப் பக்கம், அடுத்த ஃப்ரேமில் அந்தப் பக்கம், நடுவில் மோதலே நடக்காது. இதற்கெல்லாம் தீர்வுகள் உண்டு, நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி ஓட்டுவது, போகும் பாதை முழுவதையும் சோதிப்பது என்று. இதைக் கையால் ஒரு முறை எழுதியவருக்கு, கோடோ ஏன் இயற்பியலுக்குத் தனி ஃபங்ஷன் வைத்து அதை நொடிக்கு 60 முறை கூப்பிடுகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். அதற்காகவாவது எல்லாரும் ஒரு முறை ரேலிப்பில் எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தமிழில் கேம் செய்ய நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். மெனுவில் 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வைக்கிறீர்கள். ரேலிப் இயல்பாக ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்றுவதால் முதலில் வெறும் கேள்விக்குறிகள் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்து, யூனிகோடு தமிழ்த் தொகுதியை ஏற்றச் சொன்னால் எழுத்து வரும், ஆனால் உடைந்து வரும். 'தொ' என்பதில் கொம்பு தகரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும், ரேலிப்போ ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் அப்படியே வரையும். 'கு' ஒட்டிய வடிவமாக மாறாது, உகரக் குறி பக்கத்தில் தனியாக நிற்கும். இதைச் சரிசெய்ய ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தைக் கொண்டுவந்து பிணைக்க வேண்டும், அது தனி வேலை. கோடோ 4இல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைப் போட்டால் 'தொடங்கு' ஒழுங்காக வந்துவிடும். கோடோ 3இல் இது கிடையாது. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் இந்திய மொழிகளுக்கு இதே தலைவலி உண்டு. ஜிடெவலப்பில் எழுத்தை பிரவுசரே வரைவதால் பிரச்சினை இல்லை. என் வரையில் தமிழ் கேமுக்கு கோடோ 4 என்று முடிவெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

சொந்த எஞ்சின் எழுதி வென்றவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், அவர்கள் ஏன் எழுதினார்கள் என்று பாருங்கள். ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை கேமில் எண்ணற்ற பொருள்கள் கன்வேயர் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பலர் சேர்ந்து விளையாடினாலும் எல்லார் கணினியிலும் கணக்கு ஒரே மாதிரி வர வேண்டும். நொய்ட்டா (Noita) என்ற கேமில் திரையின் ஒவ்வொரு பிக்சலும் மணலாக, தண்ணீராக, நெருப்பாக நடந்துகொள்ள வேண்டும். பொதுவான எஞ்சின் இந்த வேலைகளுக்காகக் கட்டப்பட்டது இல்லை. 2024இல் வந்த அனிமல் வெல் கேமை பில்லி பாசோ சி பிளஸ் பிளஸில் தன் எஞ்சினிலேயே செய்தார், மொத்தம் 40 எம்பிக்கும் குறைவு, பார்த்தால் பிரமிப்பாக இருக்கும், அதற்கு ஏழு வருஷம் போல ஆனது. அந்த ஏழு வருஷத்தை மறந்துவிட்டு 40 எம்பியை மட்டும் பேசுகிறவர்கள்தான் அதிகம். நடுவழி ஒன்றும் இருக்கிறது: ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் எக்ஸ்என்ஏ என்ற கட்டமைப்பில் சி ஷார்ப்பில் எழுதினார், 2024இல் வந்த பலாட்ரோ லுவா மொழியில் லவ் என்ற கட்டமைப்பில் செய்தது. எடிட்டர் இல்லை, ஆனால் ஜன்னலும் படமும் சத்தமும் தயாராகக் கிடைக்கும். நிரல் எழுதுவதிலேயே இன்பம் காண்கிறவர்களுக்கு இந்த நடுவழிதான் சரி என்று படுகிறது.

கடைசியாக வெளியிடும் விஷயம். கோடோவில் ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுமதி செய்ய ஜேடிகே, ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற இரண்டு மென்பொருள் தொகுப்புகளையும் போட வேண்டும், பிளே ஸ்டோரில் கணக்கு திறக்க ஒரு முறை 25 டாலர், கணினி கேம் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர், கேம்களை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் இலவசம். வெப் ஏற்றுமதி 4.3க்கு முன்னால் சர்வரில் சில அமைப்புகளைக் கேட்டுத் தொல்லை கொடுத்தது, 4.3இல் ஒற்றை த்ரெட்டில் (எல்லா வேலையையும் ஒரே வரிசையில்) ஓடும் வழி வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதனால் கேம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு பெட்டி குதிக்கிற நிலையிலேயே வெப்புக்கு ஏற்றுமதி செய்து இட்ச்சில் போட்டு, அந்த லிங்க்கை நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் போனில் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துருவைப் புராஜெக்ட்டுக்குள்ளேயே சேர்த்திருக்கிறீர்களா என்பதை மட்டும் அனுப்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள், பிரவுசரில் ஓடும்போது கணினியில் இருக்கும் எழுத்துருவை கோடோவால் எடுக்க முடியாது.