மரக்கட்டையா, பிளாஸ்டிக் கட்டையா: வேட்டைத் துப்பாக்கியின் குறி எதில் நிற்கும்?

போன ஜூலையில் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து உள்நாட்டுக் கிம்பர்லிப் பக்கம் வேட்டைக்குப் போனோம். வண்டியில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று மாமாவுடைய 7 மி.மீ. மவுசர், வால்நட் மரக்கட்டை போட்டது (கட்டை என்பது குழலைத் தாங்கி, தோளில் பதியும் பகுதி). அதில் போடுவது போயர் போரில் இந்த நாட்டில் பெயர் வாங்கிய அதே தோட்டாதான். இன்னொன்று என் .308 வின்செஸ்டர், பிளாஸ்டிக் கட்டை. இரண்டுக்கும் மார்ச் மாதப் புழுக்கத்தில், டர்பனிலேயே 100 மீட்டரில் குறி சரிபார்த்திருந்தோம்.

பண்ணையில் சுட்டுப் பார்த்தால் என்னுடையது பழைய இடத்திலேயே விழுந்தது. மாமாவுடையது நான்கு விரல் அகலம் இடப்பக்கம் போயிருந்தது. "என்னடா தம்பி, எனக்குக் கண்ணு போயிடுச்சா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை, மரம்தான் மாறியிருந்தது.

டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரத்தை மரம் குடித்து உப்பும். இங்கே ஜூலையில் வரும் உள்நாட்டுக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் காய்ந்து சுருங்கும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். கட்டை ஒரு பக்கம் குழலைத் தொட்டு அழுத்தினால் அது கெட்டுவிடும். சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். 10 ராண்ட் நோட்டைக் குழலுக்கு அடியில் கொடுத்து, இரு முனையையும் பிடித்து, கட்டையின் நுனியிலிருந்து பின்னால் இழுத்துப் பாருங்கள். மாமாவுடையதில் பாதி தூரத்தில், வலப்பக்கம் சிக்கி நின்றது.

அப்படியானால் பிளாஸ்டிக்தான் ஜெயித்ததா? ஈரத்துக்கு அது அசையாது, அது உண்மை. ஆனால் மலிவான வார்ப்புக் கட்டையின் முன்பகுதி வளையும். இருகால் தாங்கியில் வைத்து அழுத்தினால் அதுவும் குழலைத் தொடும். எடை குறைவென்பதால் தோளில் உதையும் அதிகம். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவனுக்கு எந்தக் கட்டையும் உதவாது. என்னைக் கேட்டால், உள்பக்கம் எப்பாக்ஸி என்ற கெட்டிப் பசை போட்டு, குழலைத் தொடாமல் விட்டு, வார்னிஷ் அடைத்த மரக்கட்டை மலிவுப் பிளாஸ்டிக்கை விட மேல். பல அடுக்கு மரத்தை ஒட்டிச் செய்த கட்டை இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி.

தடித்த குழலா, மெல்லிய குழலா என்பதில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். மெல்லியது சீக்கிரம் சூடாகும், நான்காவது ஐந்தாவது குண்டு அலையும். வேட்டையில் கணக்கு ஆறிய குழலின் முதல் குண்டுதான். உள்ளே எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த முதல் குண்டே வேறு இடத்துக்குப் போகலாம். கிளம்பும் முன் உலர்ந்த துணி விட்டுத் துடைத்துவிடுங்கள்.

தோட்டா விஷயம் அப்படி இல்லை. 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டில் சரிபார்த்துவிட்டு 180 கிரெயினைப் போட்டால் அடி விழும் இடம் மாறும். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்தது ஒன்று உண்டு, அதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் வெடிமருந்து அளந்து தோட்டா கட்டுபவர்கள் இன்னும் நெருக்கமாக அடிக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை போகிறவருக்கு, ஒரே தயாரிப்பு எண் கொண்ட கடைத் தோட்டாவை மொத்தமாக வாங்கி வைப்பதே போதும்.

குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைக் கோண நிமிடத்தில் சொல்வார்கள்; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான அந்த ஒரு நிமிடம் 100 மீட்டரில் 2.9 செ.மீ. 100 மீட்டரில் மூன்று குண்டு 5 செ.மீ.க்குள் விழும் துப்பாக்கி, 150 மீட்டரில் இம்பாலா மானின் நெஞ்சுக்குத் தாராளம். அரை நிமிடத்துக்குப் பணம் கொட்டுவதை விட, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) துப்பாக்கியில் பிடித்திருக்கும் மவுண்ட் திருகையும் கட்டைத் திருகையும் இறுக்கிப் பாருங்கள். தாங்குகோலில் வைத்துச் சுட்டுப் பழகுங்கள். அடிபட்டு முள்ளுக்குள் ஓடிய மிருகத்தை இருட்டும்வரை தேடியிருக்கிறேன். அந்த வேதனை எந்த மிருகத்துக்கும் வரக்கூடாது.

அன்று மாலை மாமா கட்டையைக் கழற்றி, துடைக்கும் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தார். நோட்டு தடையில்லாமல் போனது. தேய்த்த இடத்தில் வார்னிஷ் பூசி, காய்ந்ததும் மாட்டி, ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்தோம். மறுநாள் காலை, புல்லில் பனி இருக்கும்போதே, ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு. நடுவிலிருந்து 2 செ.மீ. மேலே. அப்புறம்தான் மாமா காபிக்கு வந்தார்.