நியோவிம்மில் கிளாங்டி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ராயபுரத்தில், கண்டெய்னர் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய அலுவலகம் எங்களுடையது. பெரும்பகுதி சி பிளஸ் பிளஸ். நியோவிம் என்ற நிரல் எடிட்டரில், கிளாங்டி என்ற லாங்குவேஜ் சர்வரை (எழுதும்போதே நிரலைப் படித்துப் பிழைகளை எடிட்டருக்குச் சொல்லும் மென்பொருள்) சில ஆண்டுகளாக நாள் முழுவதும் பயன்படுத்துகிறேன். இனி அது இல்லாமல் பெரிய நிரலில் கைவைக்க மனம் வராது.

எடிட்டர் பக்கத்து வேலை மிகவும் குறைந்துவிட்டது. 2025-இல் வந்த நியோவிம் 0.11 பதிப்பிலிருந்து, எந்தக் கட்டளையை ஓட்டுவது, எந்த வகைக் கோப்புக்கு, புராஜெக்டின் தலைக் கோப்புறை எது என்று சொல்லிவிட்டால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒருவர் தவறாமல் கேட்பார்கள்: "அண்ணா, கம்பைல் ஆகிறது. ஆனால் ஹெடர் கிடைக்கவில்லை என்று எடிட்டர் சிவப்பாகக் காட்டுகிறதே?" சர்வர் மீது குற்றமில்லை. ஹெடர்கள் (நிரல் உள்ளே இணைத்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகள்) எங்கே இருக்கின்றன, எந்த ஃபிளாக்குகளோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்புகள்) கம்பைல் செய்கிறோம் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வது கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன் என்ற கோப்பு. பில்ட் செய்ய சிமேக் கருவி என்றால் ஒரே ஒரு ஆப்ஷனில் அது உருவாகிவிடும். பழைய மேக்ஃபைல் என்றால் பேர் என்ற கருவியின் வழியே பில்ட் செய்ய வேண்டும். அதற்கு முன், பழைய பில்ட் கோப்புகளை அழிக்கும் கிளீன் கட்டாயம். அந்த ஓட்டத்தில் கம்பைல் ஆகாத கோப்பு அந்த ஜேசன் பட்டியலில் ஏறாது.

தமிழில் அச்சிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாரி ஓட்டுநர்களுக்கான எங்கள் ரசீது தமிழில்தான் வரும். நிரலுக்குள்ளேயே தமிழ்ச் சொற்கள் இருக்கும். எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறை ஒரு வரியில் இடத்தை இயல்பாக யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் அலகுகளில் எண்ணுகிறது. 'கி' அதில் 2 அலகு, யுடிஎஃப்-8 என்ற இன்னொரு முறையில் 6 பைட். எடிட்டர் ஒரு கணக்கும் சர்வர் வேறு கணக்கும் வைத்திருந்தால், தமிழுக்கு அடுத்து வரும் பிழைக்கோடு தவறான எழுத்தின் கீழ் விழும். எந்த முறையில் எண்ணுவது என்று இரண்டும் பேசி முடிவெடுக்கும் வசதி 2022-இல் 3.17 பதிப்பில்தான் நெறிமுறைக்குள் வந்தது. நம் மொழிக்கு அது பெரிய நிம்மதி. எடிட்டரில் பழைய எல்எஸ்பி செருகுநிரலை வைத்திருப்பவர்கள் இதற்காகவே மாற்றிவிடலாம்.

கிளாங்டி முதல்முறை நிரல் முழுவதையும் படித்து இண்டெக்ஸ் செய்யும்போது கணினி திணறும். ரேம் குறைவென்றால், ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும் அதன் ஜே ஆப்ஷனில் 2 என்று கொடுத்துவிடுங்கள். இண்டெக்ஸ் டிஸ்க்கில் சேமிக்கப்படுவதால் மறுநாள் அந்தத் தொல்லை இருக்காது. ஒற்றைக் கோப்பில் பயிற்சி எழுதும் மாணவர்களுக்கு மேலே சொன்ன ஜேசன் கோப்பே பெரும்பாலும் தேவைப்படாது.